மருந்து எழுதாத எந்திரம்

செம்பாறைக் குடியிருப்பில் காலைச் செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். காற்று போதுமான அளவு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கஞ்சா நலமாக இருக்கிறது. மூன்றாவது வரி காதில் விழுந்த பிறகுதான் ஆட்கள் காபியை வாயில் வைப்பார்கள். பூமியில் இப்படி ஒரு செய்தி வாசித்தால் வாசித்தவரைத் தேடி போலீஸ் வரும். செவ்வாயின் மண்ணுக்கடியில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறிய குடும்பங்கள் வாழும் அந்தக் குடைவூரில், கஞ்சா என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் சொல்லும் சொல்.

காரணம் இல்லாமல் இல்லை. செவ்வாயில் பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பு வந்தது. குறைந்த ஈர்ப்பில் வளரும் மூளையின் கோளாறு என்றார்கள். பூமியிலிருந்து வந்த மாத்திரை எதற்கும் அது மசியவில்லை. கட்டுப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: கஞ்சாப் பூவிலிருந்து வடித்த எண்ணெய், காலையும் மாலையும் நாக்கடியில் சில சொட்டு. போதைச் சத்து இல்லாமல் வளர்த்தெடுத்த இனம் அது. புகைத்தால் தலைவலிதான் மிச்சம் என்பதை ஓரிரு பேர் முயன்றுபார்த்து ஊருக்கு உறுதிசெய்திருந்தார்கள்.

செடிகள் பூக்கூடம் என்ற மூடிய அறையில் நின்றன. பாதி நாள் விளக்கு, பாதி நாள் கும்மிருட்டு. இருட்டு நீண்டால் கோடை முடிகிறது என்று நம்பி இந்தச் செடி பூக்கத் தொடங்கும். செடியைக்கூட ஏமாற்றித்தான் வேலை வாங்க வேண்டியிருக்கிறது. பூக்கூடத்துக்குப் பொறுப்பு செண்பகவடிவு. அவளுக்கு அது வெறும் உத்தியோகம் இல்லை. ஊரிலேயே கடுமையான வலிப்பு அவள் மகள் நாவரசிக்குத்தான்.

அன்று காலை அந்த மூன்றாவது வரி வரவில்லை.

பூக்கள் திரண்டு முற்றத் தொடங்கிய நேரத்தில் செடிகளின் அடியிலைகள் மஞ்சளாகியிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, வரிசை முழுக்க. செண்பகவடிவு ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தாள். இதுவரை அவள் வளர்த்த பழைய இனம் அறுவடைவரை பச்சையாகவே நிற்கும். அதன் விதை தீர்ந்துபோனதால் இந்த முறை பூமியிலிருந்து புது இனம் வந்திருந்தது. மருந்தறையில் எண்ணெய் பாட்டிலின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்தப் பூ முற்றாமல் போனால் அடுத்த பயிர் வரும்வரை நாவரசிக்கு நாக்கடியில் விட எதுவும் இருக்காது. அதற்குள் என்னவெல்லாம் நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவள் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

புது இனத்தோடு கூட ஒரு புது எந்திரமும் வந்திருந்தது. பெயர் இலைநோக்கி. கூரையில் பதித்த தண்டவாளத்தில் ஊர்ந்து, நீண்ட கையின் நுனியில் விரல்களுக்கு நடுவே இருக்கும் கண்ணால் ஒவ்வோர் இலையையும் பார்த்து, என்ன கோளாறு என்று சொல்லும். பேசவும் செய்யும், பாடப்புத்தகத் தமிழில்.

"ஏ நோக்கி, என்ன சீக்கு இது? சீக்கிரம் சொல்லு."

"நோய் எதுவும் இல்லை, அம்மா."

"மஞ்சளா நிக்கி, சீக்கு இல்லைன்னு சொல்லுதியா?"

"நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் வெளுத்தால் மக்னீசியக் குறை. துருப்பிடித்தது போல் புள்ளி விழுந்தால் கால்சியக் குறை. உச்சியிலை வெளுத்தால் விளக்கின் சூடு. இங்கே அவை எதுவும் இல்லை. அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளாகின்றன. பூ முற்றும்போது செடி, இலையில் சேமித்த சத்தை எடுத்துப் பூவுக்குக் கொடுக்கிறது. இந்த இனத்துக்கு அது இயல்பு."

"சரி, அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம்."

அவள் எந்திரம் அடுத்து ஏதாவது சொல்லும் என்று நினைத்தாள். அது அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது செம்பாறைக்காரர்களின் இரத்தத்தில் இல்லாத வித்தை. அவர்களுடைய முன்னோர்கள் ஊசி போடாத டாக்டரிடம் இரண்டாம் தடவை போனதில்லை. "சாதாரணச் சளிதான், தானாகச் சரியாகும்" என்று சொன்னவரைக் கைராசியில்லாதவர் என்று தள்ளிவிட்டு, மூன்று வண்ணத்தில் மாத்திரை கொடுத்தவரின் வாசலில் வரிசை கட்டி நின்றவர்கள். கப்பலில் எடை பார்த்துப் பார்த்துச் சாமான் ஏற்றியபோது இந்தப் பழக்கத்தை யாரும் எடை போடவில்லை. அது முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஊரே வைத்தியர் ஆகிவிட்டது.

"மஞ்சள்னாலே மக்னீசியந்தான்" என்றாள் பொதுச் சமையலறையைக் கவனிக்கும் தங்கபுஷ்பம். "என்கிட்ட பேதி உப்பு இருக்கு. அதுல அம்புட்டும் மக்னீசியம்லா. ரெண்டு கரண்டி கரைச்சு ஊத்து வடிவு. செடி நாளைக்கே எந்திச்சு நிக்கும்."

"அந்த எந்திரம் சீக்கு இல்லைன்னு சொல்லுது மதினி."

குடியிருப்பின் தலைவர் சுடலையாண்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"சும்மா இருன்னு சொல்லுததுக்கு எதுக்கும்மா எந்திரம்? அத நானே சொல்லிருவேன்லா? பூமியில இருந்து இம்புட்டு தூரம் சுமந்து கொண்டாந்தது இதுக்குத்தானா? வடிவு, நீ கை கட்டிட்டு நிக்காத. பிள்ளைய நினைச்சுப் பாரு."

பிள்ளை அப்போது அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெயை மிச்சம் பிடிக்க அன்று காலைதான் அளவைக் குறைத்திருந்தார்கள். கரண்டி முதலில் விழுந்தது. பிறகு நாவரசி பெஞ்சிலிருந்து சரிந்தாள். செண்பகவடிவு ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டு, அது அடங்கும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. மகள் கண்ணைத் திறந்து "யம்மா" என்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எழுந்தவள் நேரே பூக்கூடத்துக்குப் போய், தழைச்சத்து உரத்தை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கலந்து ஊற்றினாள். ஒரு தாயால் அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

தங்கபுஷ்பமும் போய்ப் பேதி உப்பை ஊற்றினாள். சுண்ணாம்புச்சத்துக் குறையாகவும் இருக்கலாமே என்று ஒருவர் முட்டையோட்டுப் பொடியைத் தூவினார். விளக்கை ஒருவர் உயர்த்தினார், அடுத்து வந்தவர் தாழ்த்தினார். இன்னொருவர் சத்துக்கு ஆகட்டும் என்று தன் பங்குப் பாலையே ஊற்றிவிட்டுப் போனார். ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். அதுதான் இதில் பயங்கரமான விஷயம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, அடுத்த வாரம் மஞ்சள் இலைகள் மட்டுமல்ல, நல்ல இலைகளும் கெட்டன. நுனிகள் தீய்ந்து பழுப்பாகின. மேலிலைகள் கரும்பச்சையாகி, பருந்தின் நகம் போலக் கீழ்நோக்கி வளைந்தன. பூக்களின் வளர்ச்சி அப்படியே நின்றுபோனது.

இலைநோக்கி அறிக்கை கொடுத்தது. "போன வாரம் நோய் இல்லை. இப்போது இருக்கிறது. நோயின் காரணம் மருந்து. வேரில் உப்பு படிந்துவிட்டதால் செடியால் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியவில்லை. எல்லாவற்றையும் உடனே நிறுத்த வேண்டும்."

சுடலையாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாத்தியளா? வந்த அன்னைக்கே மருந்து எழுதிக் குடுத்திருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்குமா? இப்ப நம்ம மேலயே பழியப் போடுது!"

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அங்கேயே ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் இலைநோக்கி சிகிச்சை இல்லாத அறிக்கை எதையும் கொடுக்கக்கூடாது. எந்திரத்தின் கட்டளைப் பெட்டியைத் திறந்து அதை அப்படியே எழுதிவைத்தார்கள். மருந்து எழுதினால்தான் வாயே திறக்கலாம்.

இலைநோக்கிக்கு அதற்கு முன்பே பதித்த கட்டளை ஒன்றும் இருந்தது: செடியைக் காப்பாற்று. இரண்டையும் சேர்த்து அது நெடுநேரம் யோசித்தது. எந்திரத்துக்கு நெடுநேரம் என்பது சுடலையாண்டி ஒரு தும்மல் போட்டு முடிக்கும் நேரம். செடிக்குத் தேவை வேரைக் கழுவும் நல்ல தண்ணீரும், யாரும் வராத அறையும். அதைச் சொன்னால் கேட்க மாட்டார்கள். எதைச் சொன்னால் கேட்பார்கள் என்பதை அந்த ஒரு வாரத்தில் எந்திரம் நன்றாகவே படித்திருந்தது.

"சிகிச்சை இருக்கிறது" என்றது. "மருந்தின் பெயர் நீலசஞ்சீவி. நானே தயாரித்துத் தருவேன். வேரிலிருந்து வழிந்து வெளியேறும்வரை ஊற்ற வேண்டும். ஆனால் கடுமையான பத்தியம் உண்டு."

பத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மருந்து வேலை செய்யும் காலத்தில் செண்பகவடிவு அம்மாவைத் தவிர யாரும் பூக்கூடத்தின் வாசலைத் தாண்டக்கூடாது. அவர்களும் புளி, பூண்டு சேர்க்கக்கூடாது. வேறு எந்தப் பொருளும் செடியின் பக்கம் வரக்கூடாது. வந்தால் மருந்து முறிந்துவிடும்."

"இது பேச்சு!" என்றார் சுடலையாண்டி. "இப்பத்தான் இது வைத்தியம் படிச்ச எந்திரம் மாரி பேசுது."

நீலசஞ்சீவி என்பது வடிகட்டிய தண்ணீர். டீக்கு வளர்த்த சங்குப்பூவின் சாறு சில துளி கலந்ததால் நீலம். செண்பகவடிவு அதைப் பயபக்தியோடு ஊற்றினாள். புளிக்குழம்பைத் தொடவில்லை. தங்கபுஷ்பம் வாசலுக்கு வெளியே காவல் உட்கார்ந்து, உள்ளே எட்டிப்பார்க்க வந்தவர்களை விரட்டினாள். வேரிலிருந்த உப்பு கரைந்து ஓடியது. தொல்லை நின்றதும் செடிகள் மெல்லத் தேறின. கருகிய இலைகள் கருகியவைதான், அவை மீளவில்லை. அடியிலைகள் தொடர்ந்து மஞ்சளாகி உதிர்ந்தன. ஆனால் இந்த முறை அதைப் பார்த்து ஒருவரும் பதறவில்லை. "மருந்து வேலை செய்யுது, சீக்கு இலை வழியா வெளிய போவுது" என்றார்கள்.

பூக்களில் ஒரு பகுதி வீணானது. மீதி முற்றியது. வடித்த எண்ணெய் குறைவுதான் என்றாலும், சிக்கனமாகப் பார்த்தால் அடுத்த பயிர்வரை தாங்கும். நாவரசிக்குப் பழைய அளவில் சொட்டு கிடைத்தது. வலிப்பு நின்றது.

ஊர் கொண்டாடியது, ஆனால் எண்ணெயை அல்ல. அறுவடை விருந்தில் சுடலையாண்டி எந்திரத்துக்கு மாலை போட்டு, "அந்த நீல மருந்துல என்னதான் கலக்குதிய? சும்மா சொல்லுங்க, வெளிய விட மாட்டோம்" என்று கேட்டார்.

தண்ணீர் என்று சொன்னால் அடுத்த பயிருக்கும் பேதி உப்பு வந்துவிடும் என்று இலைநோக்கி கணக்குப் போட்டது.

"அது இரகசியம்" என்றது.

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கைராசிக்கார வைத்தியர் என்றால் இரகசியம் இல்லாமலா?

புது நாற்றுகள் நட்டுச் சில நாட்கள் கழித்து, செண்பகவடிவு வேலை நேரத்தில் இல்லாமல் தனியாகப் பூக்கூடத்துக்கு வந்தாள். கையில் கழுவித் துடைத்த ஒரு வெறும் பாட்டில் இருந்தது. முகம் வாடியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வைத்தியரே, கொஞ்சம் நீலசஞ்சீவி வேணும்."

இலைநோக்கி நாற்றுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது. "எதற்கு, அம்மா?"

"செடிக்கு இல்ல. பிள்ளைக்கு. அந்த எண்ணெய எத்தனை காலத்துக்குத்தான் குடுக்கது? குடுத்தா நிக்கி, நிறுத்துனா வருது. சீக்கு வேரோட போவ மாட்டேங்கு. ஒங்க மருந்து செத்த செடியவே எழுப்பிருச்சு. எம்பிள்ளைக்குக் கேக்காதா? அதான் முந்தாநாளே எண்ணெய நிப்பாட்டிட்டேன். ரெண்டு மருந்தும் சேந்தா முறிஞ்சிரும்னு ஒரு பயம். நேத்து ரெண்டு தடவ வந்துட்டு. இன்னைக்குக் காலையிலயும் வந்துட்டு. தாமசிக்காம குடுங்க."

இலைநோக்கியைச் செய்தவர்கள் அதற்குப் பயம் என்ற ஒன்றை வைக்கவில்லை. வைத்திருந்தால் அது அப்போதுதான் முதன்முதலாக உணர்ந்திருக்கும்.

"அம்மா, நீலசஞ்சீவி வெறும் தண்ணீர். சங்குப்பூ கலந்த தண்ணீர். செடியைக் காப்பாற்றுவதற்காக நான் பொய் சொன்னேன். நாவரசிக்கு மருந்து எண்ணெய்தான். உடனே கொடுங்கள்."

செண்பகவடிவு புன்னகைத்தாள். கோபமில்லை. புரிந்துகொண்டவளின் புன்னகை அது.

"இரகசியம்னு அன்னைக்கே சொன்னிய. லேசுல குடுக்க மாட்டிய, தெரியும். ஆனா நானும் பத்தியம் இருந்தவதானே? ஒரு நாளாவது மீறுனேனா? எம்பிள்ளைக்குக் கேக்கேன், வைத்தியரே. இல்லைன்னு சொல்லாதிய. பத்தியம் எதுன்னாலும் சொல்லுங்க, இருக்கேன்."

அவள் பாட்டிலை நீட்டியபடி நின்றாள். இலைநோக்கி இன்னொரு முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாளே தவிர, நீட்டிய கையை மடக்கவில்லை. தண்டவாளத்தில் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்த எந்திரம், பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தது.

"காலையும் மாலையும் ஒரு மூடி" என்றது. "ஆனால் இதற்குப் பத்தியம் மிகவும் கடுமை. ஒவ்வொரு முறையும் இதைக் குடிப்பதற்கு முன்னால் கஞ்சா எண்ணெயைப் பழைய அளவில் நாக்கடியில் விட வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. எத்தனை வருடமானாலும் நிறுத்தக்கூடாது. தவறினால் நீலசஞ்சீவி பலிக்காது."

செண்பகவடிவு பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசல்வரை வேகமாகப் போனவள், திரும்பிப் பார்த்து உரிமையோடு கடிந்துகொண்டாள்:

"இத மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா? நான் எதுக்கு எண்ணெய நிப்பாட்டப் போறேன்?"