‘டிஃபெக்டிவ்’ என்று எழுதியவள்

“சீட்டுல டிஃபெக்டிவ்னு எழுதியிருக்கீங்களே... அப்படின்னா என்ன மேடம்?”

முத்துப்பிரியா நிமிர்ந்தாள். நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி... அந்தக் கண்கள்! மழையில் கழுவி எடுத்த மாதிரி அப்படியொரு தெளிவு. பொய் சொல்லத் துணிந்தவளுக்கு எதிரே இப்படியா ஒருத்தன் வந்து நிற்பது?

“கம்பெனியிலயே பழுதா செஞ்சு அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம்.”

“அப்ப டேமேஜ்னா?”

“நல்லா இருந்த பொருளை இடையில யாராச்சும் கீழ போட்டு... அதுல கெட்டுப்போச்சுன்னா டேமேஜ்.”

“ஓகோ.” மூடி பிளந்து கிடந்த மோட்டாரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சீட்டில் கையெழுத்துப் போட்டான். பாண்டித்துரை, போடிமெட்டு.

யாராச்சும் என்ன யாராச்சும்... போட்டது அவளேதான். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பார்சல் ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. லோடுமேன் வரட்டும் என்று இருந்திருக்கலாம். இருக்க மாட்டாளே... காலையில் அந்தப் பெட்டியைத் தானே இழுத்தாள், நழுவி விழுந்தது. மலையில் அவன் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தக் காற்றடிக்கிற மோட்டார் அது. டேமேஜ் என்று எழுதினால் விசாரணை வரும், வேலை போகும். டிஃபெக்டிவ் என்றால் கம்பெனி பேசாமல் வேறு அனுப்பிவிடும். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வேலை” என்ற அப்பாவோடு மல்லுக்கட்டி, தன் ஊர் சிலமலையிலிருந்து பஸ்சேறி வருகிற வேலை. விட மனசு வருமா?

மறுநாளே ஆபீஸ் போன் அடித்தது.

“மோட்டார் வந்திருச்சா மேடம்?”

“அதுக்குள்ளயா? அஞ்சு நாளாகும்.”

“சரி... ஒரு சந்தேகம். ஒடஞ்ச டம்ளருக்கு இங்கிலீசுல என்ன சொல்லணும்?”

“ப்ரோக்கன்.”

“கிழிஞ்ச குடைக்கு?”

“டோர்ன்.”

“மலையேறாம நின்னுபோன ஜீப்புக்கு?”

“ப்ரோக்கன் டவுன். ஏங்க, உங்ககிட்ட நல்லதா ஒண்ணுமே இல்லையா?”

“இருக்கு. அதை நாளைக்குக் கேக்குறேன்.”

சிரித்துவிட்டாள். ஆபீசுக்கு வருகிற அத்தனை பேரையும் அண்ணே, அண்ணே என்கிறவள், இவனை மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லையே... என்னடி நடக்குது உனக்கு?

ஆனால் போனை வைத்ததும் அந்த மோட்டார்தான் நினைவுக்கு வரும். பறித்த கையோடு பச்சைக்காயை உலர்த்த வேண்டுமே, பாவம் என்ன செய்கிறானோ... போடிமெட்டிலிருந்து ஜீப்பு இறங்கினால் எட்டிப் பார்ப்பாள். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. தினமும் அவன் பேசினான். தினமும் அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, விழுங்கினாள்.

நாலாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வேறு மோட்டார் அனுப்பியாயிற்று, முதல் மோட்டாரைச் சோதித்து அனுப்பிய தேவி என்ற ஊழியரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று இருந்தது.

யாரோ ஒரு தேவி. அவள் எந்த அப்பாவோடு மல்லுக்கட்டி வேலைக்கு வந்தாளோ... முத்துப்பிரியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் புது மோட்டார் வந்தது. அதை எடுக்க அவனும் வந்தான்.

“அந்தச் சீட்டுல எழுதுனது பொய்ங்க. நான்தான் கீழ போட்டேன்.”

“தெரியும்.”

“என்னது?”

“எதுத்த டீக்கடையில மழைக்கு ஒதுங்கி நின்னேன். பாத்தேன்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “தெரிஞ்சுக்கிட்டேதான் அர்த்தம் கேட்டீங்களா? என்னைய வச்சு வேடிக்கை பாத்தீங்களா?”

“நெசத்தைச் சொல்லிருவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன். நீங்க பயந்துபோயிருந்தது தெரிஞ்சுச்சு... அதுக்கு மேல கேக்க மனசு வரல.”

“பாவம் பாத்து யாரும் எனக்குக் கையெழுத்துப் போட வேணாம்.”

விருட்டென்று திரும்பி ஆபீஸ் நகலை எடுத்தாள். டிஃபெக்டிவை அடித்து டேமேஜ் என்று எழுதினாள். கீழே தன் பெயரையும் எழுதி, உள்ளே மேனேஜர் தங்கப்பாண்டியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். பின்னாலேயே வந்த பாண்டித்துரை, “தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன் சார். எம்மேலயும் தப்பு இருக்கு” என்றான்.

தங்கப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தத் தேவி மேல தப்பில்லைன்னு இப்பவே கம்பெனிக்கு எழுதிடுறேன். நம்ம தலைமை ஆபீசுல என்ன சொல்றாங்கன்னு தெரியல... அதுவரைக்கும் நீ வீட்டுல இரும்மா.”

வாசலில் சாரல். பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“வேலை போயிரும்னு இத்தன நாளும் தவிச்சீங்களாக்கும்...”

“மொத நாளு அப்படித்தான்.” கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. “அப்புறம்... நெசத்தைச் சொன்னா உங்க போன் நின்னுபோயிருமேன்னு தவிச்சேன். அதுக்காகத்தான் வாயத் தொறக்கல. போதுமா?”

அவன் மழையைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான்... கடைசியில் அவளைப் பார்த்தான்.

“ஸ்டோர்ல கெடந்த பழைய மோட்டாரை அன்னைக்குச் சாயங்காலமே சரிபண்ணி ஓட்டிட்டேங்க. காயெல்லாம் காஞ்சிருச்சு. பண்ணுன போன்ல ஒண்ணுகூட மோட்டாருக்காக இல்ல.”

“பின்ன?”

“முத்துப்பிரியாவுக்காக.”