மூன்றாம் தொட்டியின் பழுது

நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திருக்கத் தெரிந்த முதல் மனித சமூகம் செவ்வாய்க் கோளின் புதுக் கயத்தாறுதான் என்று பழுதுக் குழுத் தலைவர் மாசிலாமணி அறிவித்தார். காலை வரிசையில் நின்ற யாரும் கை தட்டவில்லை. ஒரு கையில் டம்ளர் இருந்தது, மறு கை மூக்கைப் பிடித்திருந்தது.

டம்ளரில் இருந்தது நொதிக்கூழ். புளித்து நுரைத்த மாவும் நனைந்த காலுறையும் கூட்டுக்குடித்தனம் நடத்தினால் என்ன வாடை வருமோ, அந்த வாடை. மேலே ஆடை படர்ந்திருக்கும். விழுங்கும்போது பாதி ஆடை தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். வாந்தி எடுத்தவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி குடிக்க வேண்டும்.

குடிக்காமல் இருக்க வழியில்லை. செவ்வாயில் கதிர்வீச்சு உடம்பின் மரபிழைகளை நறுக் நறுக்கென்று அறுத்துப்போடும். அவற்றை ஒட்டுகிற 'இழையொட்டி' என்ற புரதத்தைத் தொட்டிகளில் ஈஸ்ட்தான் தயாரித்தது. ஈஸ்ட் கண்டிப்பான பேர்வழி. இழை அறுந்தால்தான் ஒட்டியை வேலைக்குக் கூப்பிடும். ஒட்டி முடித்ததும் அதன் முதுகில் 'போதும்' என்று ஒரு முத்திரை குத்தித் துண்டு துண்டாக்கிவிடும். குத்தாமல் விட்டால், சும்மா இருக்கப் பிடிக்காத ஒட்டி நல்ல இழையையும் அறுக்கத் தொடங்கும். அறுந்தால்தானே ஒட்ட முடியும்?

இதைப் பார்த்துத்தான் குடியிருப்பின் சட்டமே எழுதப்பட்டது. பழுது நீக்க ஒரு குழு அமைந்தால், பழுது நீங்கிய அன்றைக்கே அது கலைய வேண்டும். மாலையில் ஊர் கூடி, தலைவரின் நெற்றியில் தொட்டி வண்டலைச் சொதசொதவென்று அப்பும். அத்துடன் பதவி முடிந்தது.

மூன்றாம் தொட்டியின் ஈஸ்ட் முத்திரை குத்த மறந்துபோனது. அந்தக் கூழைக் குடித்தவர்களுக்கு வாய் உரிந்தது. தொட்டிக்காரி பொற்கொடியின் மகள் யாழ்மொழிக்கு நாக்கே வெந்ததுபோல் ஆகி, தண்ணீர்கூட இறங்கவில்லை. குழு அமைந்தது, மாசிலாமணி தலைவரானார். தலைவருக்குத் தலை தெளிவாக இருக்க வேண்டும் என்பதால், கூழுக்குப் பதில் அதிலிருந்து வடித்த வெள்ளை மாத்திரை. வாடையும் இல்லை, ஆடையும் இல்லை. வரிசைக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்களை உற்சாகப்படுத்தும் பொருட்டு, அதை வெந்நீரில் விழுங்கினார்.

மாத்திரை இனிக்குமா என்று குழாய்க்கார சகாயம் கேட்டான். கசக்கும் என்றும், பொதுவாழ்க்கையே அப்படித்தான் என்றும் மாசிலாமணி பதில் சொன்னார். பிறகு பூமியை நினைத்துக் காறித் துப்பாத குறையாக முகம் சுளித்தார். அங்கே ஒரு பாலம் ஏன் இடிந்தது என்று விசாரிக்கக் குழு போடுவார்களாம். புதுப் பாலம் கட்டி அதுவும் பழசாகிவிடும், குழு மட்டும் கால நீட்டிப்பு வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்குமாம்.

"ஈஸ்ட்டுக்கு இருக்கிற வெக்கம்கூட இல்லாத பயலுவ" என்றார்.

மதியம் பொற்கொடி வந்தாள். முழங்கை வரை வழவழவென்று வண்டல். முந்தின இரவே தொட்டியைக் காலிசெய்து, கையாலேயே தேய்த்துக் கழுவி, முதல் தொட்டியிலிருந்து புது வித்து ஊற்றியிருந்தாள்.

"சரியாயிட்டு அண்ணாச்சி. மேல இருக்க ஈயக் கதவு லேசா வெலகியிருந்திருக்கு. கதிரு பட்டு ஈஸ்ட்டுக்கே புத்தி கெட்டுட்டு. இறுக்கி மூடிட்டேன்."

நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தாயிற்று என்றாள். இன்னொரு முறை பார்ப்பது நல்லதில்லையா என்றார்.

"பாத்தாச்சுன்னேன்லா. எம்மவ காலையில அந்தப் புதுக் கூழுதான் குடிச்சா. இப்ப அரை இட்லி தின்னுருக்கா." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சாயங்காலம் நெத்திய நல்லா காட்டுங்க. நாளைக்கு வெள்ளன வரிசைக்கு வந்துருங்க. உங்க டம்ளர தேடி எடுத்து வச்சிட்டேன், உள்ள பூசணம் புடிச்சிருந்துச்சு."

மாலையில் தொட்டி அறைக்கு வெளியே ஊர் கூடியது. கடைசியாக ஒரு முறை நேரில் பார்வையிட்டு வருகிறேன் என்று மாசிலாமணி தனியாக உள்ளே போனார். பொறுப்பானவர் என்று சிலர் மெச்சினார்கள்.

கதவைத் திறந்ததுமே வாடை முகத்தில் அறைந்தது. தொட்டியில் கூழ் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குமிழியும் ஏப்பம்போல் வெடித்தது. ஆடை அதற்குள் படர்ந்துவிட்டிருந்தது. நாளை அது தன் தொண்டையில் ஒட்டப்போவதை நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். வெளியே யாழ்மொழி எதற்கோ சிரிப்பது கேட்டது.

ஏணியில் ஏறினார். ஈயக் கதவு நன்றாக இறுக்கியிருந்தது, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு விரற்கடை விலகியது. சற்று யோசித்துவிட்டு இன்னொரு விரற்கடை தள்ளினார். பிறகு கீழே இறங்கி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் வேண்டிய அளவுக்குக் கவலையை வரவழைத்துக்கொண்டு வெளியே போனார்.

உள்ளே ஈஸ்ட், எங்கேயோ இழை அறுந்ததை உணர்ந்து, மடமடவென்று வேலையைத் தொடங்கியது.