உள்ளங்கையில் அமுக்கிய வெளிச்சம்

கடைக்காரர் உமர் பாரூக்கின் உள்ளங்கை மாதுளம்பழமாய்ச் சிவந்தது. தமிழ்வாணியின் உள்ளங்கையும் சிவந்தது. ஆனால் அதன் நடுவே கறுப்பாக ஓர் இழை கிடந்தது.

நல்ல டார்ச் லைட் ஒன்று வாங்கத்தான் தல்லாகுளம் வரை வந்திருந்தாள். வாடிப்பட்டிக்குத் தள்ளி, தோப்புக்குள் இருந்த வீட்டை வாடகை குறைவென்று சித்திரையில்தான் பிடித்திருந்தார்கள். கழிப்பறை வெளியே, கிணற்றைத் தாண்டி. இருட்டினால் அந்தப் பாதையில் பாம்பு திரியும். ஆறு வயது மகள் முத்துமீனா கால் வைக்குமுன் தரை தெரிய வேண்டும். தமிழ்வாணிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"பெட்டியில போட்டிருக்கிற லூமன் வெளிச்சக் கணக்கை நம்பாதீங்கக்கா, அம்புட்டும் அச்சடிச்ச பொய்யி," என்றிருந்தார் உமர் பாரூக். "கையில வச்சு அமுக்கிப் பாருங்க. எது ரத்தத்தைக் காட்டுதோ, அதான் லைட்டு."

பிளாஸ்டிக் டார்ச்சுகள் விரலோரத்தைக்கூடத் தாண்டவில்லை. அலுமினிய உடம்போடு, மழை தாங்கும், சார்ஜ் போடும் இந்த டார்ச்சுதான் கையையே ஊடுருவியது. விலையும் கைக்கு அடக்கம். அந்த இழை நரம்பாக இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கேலி செய்துகொண்டு, வெளிச்சத்தைக் கூட்டினாள்.

இழை நெளிந்தது. வெளிச்சத்தின் பக்கம் தலையைத் திருப்பியது.

உமர் பாரூக்கும் பார்த்துவிட்டார். டார்ச்சைத் தொட்ட விரல்களைக் கைலியில் அழுத்தித் துடைத்தார்.

"யா அல்லாஹ்... எடுத்துட்டுப் போயிருங்கக்கா. காசு வேணாம். இங்க மட்டும் வைக்காதீங்க."

பஸ்ஸில், கசங்கிய மல்லிகையும் வியர்வையும் டீசலும் சேர்ந்த வாடையில், பக்கத்து சீட்டுப் பெண் கொய்யாப்பழத்தைச் சப்புக்கொட்டித் தின்கிற சத்தம் காதுக்குள் வழவழவென்று ஊற, தமிழ்வாணி தன் வலது கையை வேறு யாருடையதோ போல மடியைவிட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். தோலுக்கடியில் ஊறல். சொறிய அருவருப்பாக இருந்தது. சொறியாமலும் இருக்க முடியவில்லை.

தோப்புக்குள் இறங்கும்போது இருட்டிவிட்டது. கிணற்றைக் கடக்கையில் நின்றாள். பழைய டார்ச்சின் மங்கலில் அந்தத் தண்ணீர் எப்போதும் பளிங்காகத்தான் தெரிந்தது. புதிய வெளிச்சம் பாசிச் சுவரை வழித்துக்கொண்டு, தவளைக் கண்களைத் தாண்டி, தண்ணீரின் அடிவரை இறங்கியது.

தண்ணீர் கெட்டியாக இருந்தது. கறுப்புச் சேமியாவாய், கொழகொழவென்று. அத்தனை இழைகளும் வெளிச்சத்தைப் பார்த்து மேலே வந்துகொண்டிருந்தன.

இந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தாள். ரசம் வைத்தாள். பிள்ளைக்குப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.

கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். அதன் மேல் வெளிச்சம் பட்டது. பட்டிருக்க வேண்டாம்.

ஓடினாள்.

"மீனா! கையைக் காட்டு!"

அமுக்கினாள். சிவப்பு. வெறும் சிவப்பு. மற்ற கை. அதுவும் சிவப்பு. சுத்தமான பிள்ளை ரத்தம். தமிழ்வாணி டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பிள்ளை தப்பித்துவிட்டது.

கணவன் சித்தார்த் அடுப்படியிலிருந்து வந்தான். "என்னாச்சு வாணி? ஏன் இப்படி அழுகுற?"

"கிணத்துத் தண்ணியத் தொடாதீங்க. விடிஞ்சதும் வீட்டைக் காலி பண்றோம். எதுவும் கேக்காதீங்க. என் புள்ள நல்லாயிருக்கு, அது போதும் எனக்கு."

"அம்மா, இங்க பாரேன்!"

திரும்பினாள்.

முத்துமீனா டார்ச்சை வாய்க்குள் வைத்து உதட்டை மூடியிருந்தாள். பிள்ளைகளுக்கே உரிய விளையாட்டு. கன்னங்கள் இரண்டும் உள்ளிருந்து சிவந்து எரிந்தன.

அந்தச் சிவப்பில் இழை இல்லாத இடமே இல்லை.

ஈறிலிருந்து. நாக்கடியிலிருந்து. தொண்டையிலிருந்து. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெளிச்சத்தை நோக்கி.

 

"கூசுதும்மா," என்று வாய்க்குள்ளேயே குழறிச் சிரித்தபடி பிள்ளை டார்ச்சை மெல்ல வெளியே இழுத்தது. அவையும் டார்ச்சின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, உதட்டிலிருந்து அறுந்துவிடாமல், நீள நீளமாகக் கூடவே வந்தன.