கடல் பக்கத்துப் பாதி

புயல் காப்பகத்தின் மாடிக்கூடத்தில் கடல் பக்கத்துப் பாதி காலியாகக் கிடந்தது. மற்றப் பாதியில், திருப்புல்லாணிக்குத் தெற்கே இருந்த கடற்கரை ஊர்ச் சனம் அத்தனையும் முட்டியோடு முட்டி இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஈரத்துணி, கருவாடு, பிள்ளைகளின் மூத்திரம் எல்லாம் கலந்த வாடை. சாயங்காலம்தான், ஆனால் வானம் கருத்து இறங்கியதில் கூடத்தில் விளக்கு வைக்க வேண்டியிருந்தது. சுகந்தி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

பட்டியில் அடைத்த ஆடுகூட இடம் கண்டால் பரவிப் படுக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

காப்பகத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தில் அவள் திட்ட மேலாளர். பாதிக்கப்பட்டவர்களின் கண்ணியம் பற்றி மதுரையில் குளிர்சாதன அறைகளில் வகுப்பெடுப்பவள். அந்தக் கண்ணியம் ஈரத்தலையோடு எதிரே வந்து உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும்.

"இங்கன ஏன் இப்படி நெருக்குறீங்க? அந்தப் பக்கம் போய்ப் படுங்க. மேலிடத்துக்குப் போட்டோ அனுப்பணும், பார்க்கிறவன் காறித் துப்புவான்."

யாரும் அசையவில்லை. மகளிர் குழுத் தலைவி லீமாரோஸ் மட்டும் எழுந்தாள்.

"அது கடல் பக்கம், மேடம். விட்டுருங்க."

"அதனால?"

"கடல்ல போயி, உடம்பு கெடைக்காதவுக இருக்காக. புயல் அன்னைக்கு அவுகளும் ஒதுங்கத்தான வரணும். எடம் விட்டு வைக்கிறது வழக்கம்."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. கட்டடம் கட்டிக் கொடுத்தாலும் புத்தியைக் கட்டிக் கொடுக்க முடியாது.

"சரி, அவங்க வந்தா என்கிட்ட அனுப்பு. இப்ப அங்க போறவங்களுக்குத்தான் பால் பவுடர். மத்தவங்க சும்மா இருங்க."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் இருந்த இளந்தாய் ஆஸ்லினின் கைக்குழந்தை மத்தியானத்திலிருந்து அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை என்பது சுகந்திக்கும் தெரியும். ஆஸ்லின் மெல்ல எழுந்தாள். லீமாரோஸ் அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"வேணாம்டி."

"பிள்ள பசிக்குதுக்கா," என்று முந்தானையை உருவிக்கொண்டு, காலித் தரையின் நடுவே போய்க் குழந்தையோடு தனியாக உட்கார்ந்தாள் ஆஸ்லின்.

சுகந்தி பால் பவுடரையும் வெந்நீரையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காற்று ஏறிக்கொண்டே இருந்தது. கீழே தூண்களுக்கிடையே தண்ணீர் புகுந்து சுவரில் அறைவதும், தகரம் எங்கோ பிய்ந்து உருளுவதும், பிள்ளைகள் அழுவதும் கதவு வழியே கேட்டன. பிறகு பிள்ளைகளின் அழுகை நின்றது. ஒவ்வொன்றாக அடங்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில். அதன்பின் ஈரச்சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம், நிதானமாக, திரும்பத் திரும்ப.

கதவைத் திறந்து பார்த்தாள். கடல் பக்கத்துப் பாதி நிரம்பியிருந்தது.

ஆஸ்லினுக்கு இருபுறமும் தோளோடு தோளாக, சன்னல்வரை நீண்ட வரிசை. தலையோடு போர்த்திக்கொண்டு, ஒழுங்காக, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டப்பா பவுடருக்கு எல்லா நம்பிக்கையும் கரைந்துவிட்டது என்று சுகந்தியின் உதடு கோணியது. இதுகளை இப்படித்தான் மேய்க்க வேண்டும்.

படத்தில் முகங்கள் விழ வேண்டுமே என்று போனை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் நடந்து, சன்னல் ஓரம் போய் நின்றாள். காலடியில் தரை சொதசொதத்தது. கருவாட்டு வாடை இல்லை. கிணற்றைத் தூர்வாரும்போது வரும் கருஞ்சேற்று வாடை.

"போர்வையை எடுங்க. மூஞ்சி தெரியட்டும்."

ஒருவரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. ஊர்ச் சனத்துக்குக் கொடுக்கச் சாமான் அறையில் வைத்திருந்த போர்வைக் கட்டுகளை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை.

தலையைத் தூக்கினாள். வரிசைக்குப் பின்னால், கூடத்தின் அந்தக் கோடியில், ஊர்ச் சனம் முன்பு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. ஓர் ஆள்கூடக் குறையவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்தியிருந்தார்கள். லீமாரோஸின் விரல்களுக்குள் செபமாலை நகராமல் நின்றிருந்தது. எல்லாக் கண்களும் இந்தப் பக்கம்.

காற்றின் சத்தம் கேட்கவில்லை.

சன்னல் திறந்திருந்தது.

வரிசையின் நடுவே ஏதோ அசைந்தது. ஆஸ்லினின் மடி காலி. அவள் வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவள் குழந்தை பக்கத்து மடியில் இருந்தது. பிறகு அதற்கடுத்த மடியில். வெளுத்து ஊறிய கைகள், நகமில்லாத விரல்கள், அவசரமே இல்லாமல், ஒருவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்து.

சன்னலை நோக்கி.

ஓட வேண்டும். கால் வரவில்லை. கத்த வேண்டும். நாக்கில் உப்பு.

கடைசி ஆள் அவள் பக்கம் திரும்பியது. போர்வைக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தளும்பியது. இரண்டு கைகள் நீண்டன. குழந்தை அவள் கைக்கு வந்தது.

சூடாக இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால்.

சுகந்தி அதை மார்போடு இறுக்கிக்கொள்ள நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கைகள் மட்டும், வரிசையில் தன் முறை வந்தவளின் கைகளைப் போல, மெல்லத் திரும்பிச் சன்னலுக்கு வெளியே நீண்டன.

வெளியே, மாடி உயரத்தில், இருட்டு முழுக்கக் கைகள்.