ஜெயசீலி அளவு

ஜெயசீலி அளவுத் தேர்வில் ஜெயசீலி தோற்றுப்போனாள்.

அளவோடு அவளை ஒப்பிட்டுப் பார்க்க நெற்றியில் கட்டியிருந்த ஒப்புமானியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பட்டை அழுத்திய இடம் அரித்தது.

"வருத்தப்படாதீங்க சிஸ்டர்," என்றார் திறன் அலுவலர் பாக்கியநாதன். "பெரும்பாலும் ஒத்துத்தான் போகுது. ஆனா நோயாளிகிட்ட தேவையில்லாம நின்னு பேச்சுக் கொடுக்கீங்க. ஜெயசீலி அப்படி நிக்கமாட்டாங்க."

"நான்தான் சார் ஜெயசீலி."

"தெரியும். ஆனா அளவுன்னு வச்சிருக்கது போன வருஷத்து ஜெயசீலியைத்தானே."

போன வருடம் அந்தத் துறைமுக நகர மருத்துவமனையில் பல மாதங்கள் அவள் பதிவுக் கருவியோடு வேலை பார்த்தாள். வார்டுக்குள் நுழைந்ததும் கண் எந்தக் கட்டிலுக்குப் போகிறது, கை எங்கே தொடுகிறது, எப்போது டாக்டரைக் கூப்பிடுகிறாள் என்று எல்லாவற்றையும் திரட்டித் திறன்பதியம் ஆக்கினார்கள். அரிசி அளவுக்கு ஒரு பொருள். கல்லூரியை முடித்து வந்த பெண்ணின் காதுக்குப் பின்னால் பொருத்தினால், மறுநாளே தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்தும் அனுபவம் அவளுக்கு வந்துவிடும். நமக்கும் கொஞ்சம் உட்கார நேரம் கிடைக்கும் என்றுதான் ஜெயசீலி சம்மதித்தாள். அதுவே எல்லோருக்கும் அளவுகோலாகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அளவுக்கு ஒத்துவராதவர்கள் இனிப் பயிலுநர்கள். தேறிய செவிலியர் ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் டாக்டரைக்கூடக் கூப்பிட முடியாது.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. பயிலுநரின் பச்சை அட்டையைக் குத்திக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

பொறுப்பில் இருந்தவள் நிலோஃபர், இந்த வருடம்தான் கல்லூரியிலிருந்து வந்தவள். பதியம் பொருத்தியதிலிருந்து நடையும் ஜெயசீலியின் நடைதான். குனிந்து நிமிரும்போது இடுப்பில் கை வைப்பதுகூட அப்படியே இருந்தது. முதலில் ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் அதைப் பார்த்தால் தன் இடுப்பும் சேர்ந்து வலித்தது.

ஜன்னலோரக் கட்டிலில் கோயில்பிள்ளை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இடுப்பு எலும்பில் அறுவை முடிந்து படுத்திருந்தார். பஸ்ஸில் ஏறிய ஆட்டுக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை வந்த கதையைக் காலையில் வார்டுக்கே சொல்லிச் சிரிக்க வைத்தவர்.

"என்ன சிஸ்டர்... பச்சை அட்டை?" என்று சிரித்தார். "டிக்கெட்... எடுக்கலியோ?"

நிலோஃபர் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது; ரத்த ஓட்டத்தில் குறையில்லை என்று அர்த்தம். திரையில் எண்களும் எல்லைக்குள்தான் இருந்தன. "கேலி பேசுற ஆளு பிழைச்சுக்கிடுவாரு," என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். ஜெயசீலி காலமெல்லாம் சொல்லிவந்த வார்த்தை அது.

ஜெயசீலி நகரவில்லை. "அண்ணாச்சி, அந்த ஆட்டுக் கதையை இன்னொரு மட்டம் சொல்லுங்களேன்."

"ஆடு... ஏறிச்சு. நான்... டிக்கெட் கேட்டேன்." நிறுத்திப் பல்லைக் காட்டினார். "அவ்ளோதான்... சிஸ்டர்."

பதிவு முடிந்த பிறகு, மழைக்காலத்தில், மாசிலாமணி என்ற படகுக்காரர் இப்படித்தான் கேலி பேசிக்கொண்டே படுத்திருந்தார். பாதம் சூடாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவர் இறந்தபின் அன்று அவர் பேசியதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: மூச்சு போதாமல் அவர் வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தன. பாடப் புத்தகத்தில் உள்ளதுதான், அவள் படித்ததும்தான். ஆனால் அவர் செத்த பிறகுதான் அது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

"நிலோஃபர், டாக்டரைக் கூப்பிடு."

"எதுக்குக்கா? கால் சூடா இருக்கு. எண்ணெல்லாம் சரியா இருக்கே."

"பேச்சு குறையுது பாரு."

"அசதியா இருக்கும்க்கா. கொஞ்சம் தூங்கட்டும்."

அந்தக் குரலில் மரியாதைக் குறைவு இல்லை. ஆயிரம் நோயாளிகளைப் பார்த்தவளின் நிதானம்தான் இருந்தது. ஜெயசீலிக்கு அந்த நிதானத்தைத் தெரியும். போன வருடம் யாராவது தன்னிடம் இப்படி வந்து நின்றிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள். அவளை அன்று யாராலும் மாற்றியிருக்க முடியாது.

சுவரிலிருந்த அபாய மணியை அழுத்தினாள். 'பயிலுநருக்கு அனுமதி இல்லை' என்றது கருவி. கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றாள்; கருவி அதையே திரும்பத் திரும்பக் கத்தியது வராந்தா வரை கேட்டது. எரிச்சலோடு ஓடிவந்த டாக்டர் வாயைத் திறப்பதற்குள் திரையில் எண்கள் சரிய ஆரம்பித்தன. நுரையீரலில் ரத்தக்கட்டி.

சாயங்காலம் கோயில்பிள்ளை ஆக்சிஜன் முகக்கவசத்துக்குள் சீராக மூச்சு விட்டுத் தூங்கினார்.

பாக்கியநாதன் தானே வார்டுக்கு வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம். பொறுப்பில் இருந்தது பதியம் பொருத்திய செவிலியர் என்பதால், உயிரைக் காப்பாற்றியது பதியத்தின் கணக்கில் ஏறியிருந்தது. இனி எல்லா மாவட்டங்களுக்கும் அது போகுமாம். பயிலுநர் மணியடித்ததற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. "சின்னதாத்தான் போட்டிருக்கேன்," என்றார் அன்பாக.

"போன வருஷத்துக்கு அப்புறம் நான் படிச்சுக்கிட்டதையும் சேர்த்துப் பதியலாமே சார்?"

"மறுபதிவுக்கு நீங்க அளவுல தேறியிருக்கணுமே சிஸ்டர்."

அவர் போன பிறகு நிலோஃபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள். ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா அந்த மனுஷன்..." என்று நிறுத்தினாள். அந்த அழுகை அவளுடையது, பதியத்தில் வந்ததல்ல. ஜெயசீலிக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை பிறந்தது.

"நாளைக்கு வேற ஒருத்தரு இப்படிப் பேச்சு குறைஞ்சு படுத்திருந்தா என்ன செய்வே?"

நிலோஃபர் உண்மையாகவே யோசித்தாள். பிறகு கண்ணில் அந்த நிதானம் திரும்ப வந்தது.

"முதல்ல காலைத் தொட்டுப் பாப்பேன்க்கா," என்றாள். "சூடா இருந்தா பயம் இல்ல."