வற்றம் மாறும் நேரம்

திங்கட்கிழமை காலையில் டோரதி அலசிக் கொடியில் போட்ட துண்டு வியாழக்கிழமையும் ஈரமாகவே இருந்தது.

பெங்களூர் அடுகோடியில் அந்த வாரம் ஒரு பொட்டு மழை இல்லை. பின்கட்டுச் சுவருக்கு அப்பால் இருந்த ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து இரும்புத்தூள் வாடையும் வெல்டிங் புகையும் சூடான காற்றில் மிதந்து வர, பக்கத்தில் கிடந்த மகள் அன்னாவின் பாவாடையும் தலையணை உறைகளும் தடித்த பெட்ஷீட்டும்கூடப் பத்து மணிக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. அந்தத் துண்டு மட்டும், புருஷன் ஃபிராங்க்ளின் நெடுங்கழியிலிருந்து வந்தபோது கழுத்தில் போட்டிருந்த அந்தப் பச்சைக்கரைத் துண்டு மட்டும், நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டே இருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் சிமெண்ட் தரையில் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது. டோரதி குனிந்து அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிய துண்டு அது.

ஃபிராங்க்ளினுக்குத் தூண்டில் பைத்தியம். பெங்களூரில் பிறந்து வளர்ந்து, பதினெட்டு வருடமாக மெஷின் ஆபரேட்டராக இருப்பவனுக்கு எங்கிருந்து அந்த ஆசை ஒட்டிக்கொண்டதோ, வருடம் முழுக்க ஞாயிறு பூசையைக்கூடத் தவற விடாதவன் அக்டோபரில் ஒரு சனி ஞாயிறு மட்டும் கூட வேலை செய்யும் கோவிந்தப்பாவைச் சேர்த்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்குப் பஸ் ஏறிவிடுவான். நெடுங்கழி ஒரு காயல். கடலுக்கும் அதற்கும் நடுவே குறுகலாக ஒரு முகத்துவாரம். "இந்தப் பதினஞ்சு நாள்தான் டோரதி," என்பான். "நம்ம பக்கத்து மழை ஓஞ்சாச்சு, அங்க மழை இன்னும் பிடிக்கல. காயல் தண்ணி தெளிஞ்சு உப்பு ஏறி இருக்கும். வத்தம் ஆரம்பிச்சதும் குஞ்சு மீனையெல்லாம் கடலுக்கு இழுத்துட்டுப் போகும். கொடுவா அங்க வாயத் தொறந்துட்டுக் காத்துட்டு நிக்கும்." தண்ணீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் இரண்டையும் அந்த மாதம் முழுவதற்கும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பான். அவளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இந்தத் தடவை அவன் தனியாகத் திரும்பி வந்தான். தூண்டில் ராடு இல்லை. ஐஸ்பெட்டி இல்லை. மீன் இல்லை. கோவிந்தப்பா எங்கே என்றதற்கு, "வேற பஸ்," என்றான். நேராகச் சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு, கல்லுப்பு ஜாடியைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்காமலே குடித்தான். வெயிலில் சுருண்டிருப்பான், உடம்பு கேட்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலைக்குப் போகவில்லை. லீவு சொல்லியிருப்பதாகச் சொன்னான். டோரதிக்கும் பள்ளிக்கூடம் தசரா விடுமுறை. மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். ஆகையால் பகல் முழுவதும் மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தார்கள், பகல் முழுவதும் அவள் அவனைக் கவனித்தபடி இருந்தாள். நடந்த இடமெல்லாம் ஈரச்சுவடு. உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர். தண்ணீர் வடிந்துபோன சேற்றில் செத்த கிளிஞ்சல்கள் வெயிலில் கிடந்து அழுகினால் எப்படி நாறுமோ, அப்படி ஒரு வாடை, எவ்வளவு ஃபினாயில் ஊற்றித் துடைத்தாலும் அதற்கு அடியிலிருந்து மேலே வந்துகொண்டே இருந்தது. தினமும் முற்பகலில் ஒருமுறை அவன் பின்கட்டுக்குப் போய்க் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றான். கையைத் தொங்கவிட்டு. வாயைத் திறந்து. பத்துப் பதினைந்து நிமிடம். கூப்பிட்டால் காதில் விழாது.

வியாழக்கிழமை சாயங்காலம் அன்னா படம் வரைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அம்மா, அப்பா காலையில குண்டா இருக்காரு. இப்ப ஒல்லியாயிட்டாரு. தெனமும் இப்படித்தான்."

"லூசு மாதிரிப் பேசாதடி," என்று சொன்ன டோரதி தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண் சொன்னது சரி. காலையில் சுவரருகே நின்றவனுக்குக் கன்னம் உப்பி, கழுத்துப் பட்டன் தெறிக்கிறாற்போல் சட்டை இறுகியிருந்தது. இப்போது நாற்காலியில் இருந்தவனுக்கு அதே சட்டை தொளதொளவென்று தொங்கியது. தோல் எலும்பிலிருந்து கழன்று தாடைக்குக் கீழே மடிந்திருந்தது.

அவள் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றாள். அவன் கையெழுத்து. திங்கள், ஏற்றம் 9.10. செவ்வாய், 10.00. புதன், 10.50. இன்றைக்கு, 11.40.

இன்று அவன் பின்கட்டுக்குப் போனபோதுதான் ஹோசூர் ரோட்டுப் பக்கமிருந்து ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. பதினொன்றரைக்கு ஊதும் சங்கு.

நேற்று அவன் போனது அவள் குக்கர் வைத்தபோது. பத்தே முக்கால்.

தாளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். அவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நாளன்னைக்குக் காலைல பஸ்," என்றான். குரல் ஈரத் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "எனக்கும் பாப்பாவுக்கும். காயல் காட்டறேன்."

"அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க. வேணாம்."

"உன்னைக் கேக்கல."

பதினோரு வருடத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. கோபம்கூட அதில் இல்லை. வழியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக் கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தாள். இரண்டு முறை கட் செய்தான். மூன்றாவது முறை எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

"கோவிந்தப்பா, நான் டோரதி. அங்க என்னதான் நடந்துச்சு? இவரு வந்ததிலேருந்து—"

"யாரு வந்ததிலேருந்து?"

"யாரா? உங்க ஃபிரெண்டுதான். கூடத்துல உக்காந்திருக்காரு."

அவன் அழத் தொடங்கினான். நாற்பத்தைந்து வயது ஆள் குழந்தைபோல் விக்கினான். "அக்கா, தப்புப் பண்ணிட்டேன் அக்கா. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அஞ்சு நாளா வீட்ட விட்டே வெளிய வரல. ஞாயித்துக்கெழம முகத்துவாரத்துல மணல்திட்டு மேல எறங்கி நின்னான். ஏத்தம் ஆரம்பிச்சுருச்சு, வாடா படகுக்குன்னு கத்தறேன், வரல. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நல்ல இழுப்பு அக்கா, யாரையும் தள்ளிடும். அவன் அசையல. அப்பத்தான் பாத்தேன். தண்ணி அவன் ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போகல. அவனுக்குள்ள போச்சு. வாயத் தொறந்துட்டு நின்னான், உள்ள போயிட்டே இருந்துச்சு. நான் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிட்டேன். திரும்பிப் பாத்தப்ப தலை முழுகிருச்சு. போலீசுக்குக்கூடச் சொல்லல."

டோரதி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, பாப்பா எங்க?"

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் தெருக்கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். கன்னம் உப்பி, கண் பளபளத்து, கல்யாண ஃபோட்டோவில் இருந்ததைவிடத் திடமாக. அன்னா அவன் காலடியில் உட்கார்ந்து கலர் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு அவன் கைக்குள் இருந்தது.

"அம்மா, அப்பா கைய விட மாட்டேங்கறாரு," என்றாள் அன்னா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

டோரதி கிட்டே போனாள். அவன் அவளைப் பார்த்தான். விரல்கள் கொஞ்சம் இறுகின. அன்னா "ஸ்ஸ்" என்றாள். டோரதி நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது, இன்னும் ஓர் அடி வைத்தால் அந்த மணிக்கட்டு ஒடியும்.

வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. பின்கட்டில் எட்டடிச் சுவர். கத்தினால் அக்கம்பக்கம் வரும். வருவதற்குள் அந்தக் கை என்ன செய்யும்?

ஃப்ரிட்ஜ் தாளில் வெள்ளிக்கிழமைக்கு நேரே இருந்தது: வற்றம், 6.40.

அவள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

மூன்றரை. தெருவில் வெங்காய வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனான். நான்கு. அவன் சட்டை முதுகிலிருந்து நீர் வழியத் தொடங்கியது. நாலே முக்கால். நாற்காலிக் காலைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கி, ஓட்டமெடுத்து, வாசற்படிக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக வெளியே போயிற்று. கிழக்குப் பக்கமாக. தரை மேடு பள்ளம் எதையும் பார்க்காமல். ஐந்தரை. கன்னம் சரிந்தது. அன்னா அழுது ஓய்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு. தேவாலய மணி அடித்தது. அவனுடைய முழங்கை பையில் காற்று இறங்கினாற்போல் மடிந்தது. விளக்குப் போட அவள் எழவில்லை. ஆறே கால். ஆறரை.

வழிவது நின்றது.

டோரதி கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரலில் முதலாவதைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. பிழிந்து போட்ட துணிபோல் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. அதை விலக்கினாள். இரண்டாவது. மூன்றாவது. அன்னாவின் கை வெளியே வந்தது. தோலில் ஐந்து வெள்ளைத் தடம்.

"டோரதி."

வந்த நாளிலிருந்து அவன் ஒரு தடவைகூட அவள் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது அவன் குரல். ஈரமில்லாத, வறண்ட, அவளுக்குத் தெரிந்த குரல்.

நாற்காலியில் மடிந்து கிடந்த முகத்தில் உதடு மட்டும் அசைந்தது. "வத்தும்போதுதான் எனக்கு இடம் கெடைக்குது," என்றான் ஃபிராங்க்ளின். "பத்து நிமிஷம். அவ்வளவுதான்."

"என்னங்க... எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஆட்டோ கூப்பிடறேன்—"

"தொடாத." அவன் கண்ணைத் திறக்க முயன்றான், இமை எழவில்லை. "பாப்பாவக் கூட்டிட்டுப் போ. வெளியில பூட்டு. நான் கூப்புட்டாலும் தொறக்காத. அழுதாலும் தொறக்காத. அது நான் இல்ல."

"உங்கள விட்டுட்டு எப்படிங்க—"

"அதுக்கு இன்னொரு ஆளு வேணும் டோரதி. சின்ன ஆளா." உதடு நடுங்கியது. "நான் பத்தலயாம்."

அவள் அவன் நெற்றியில் உதட்டைப் பதித்தாள். உப்பு. அன்னாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஒன்பது வயதுப் பெண்ணை, கைக்குழந்தைபோல. நாற்காலியைத் தாண்டினாள். கதவு. படி. வெளியே. பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினாள். கை வழுக்கியது. மறுபடி திருப்பினாள். பூட்டு விழுந்தது.

போயிருக்கலாம். கேட்டுக்குப் பத்தடி. கேட்டைத் தாண்டினால் ரோடு, ஆட்டோ, சிவாஜிநகரில் அக்கா வீடு.

ஆனால் வழியில் கூடத்து ஜன்னல் இருந்தது. உள்ளே இருந்தது அவள் புருஷன். கடைசியாக ஒரு தடவை. அன்னாவின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு கம்பி வழியே பார்த்தாள்.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அந்த வெளிச்சம் நாற்காலி மேல் விழுந்தது. அவன் அப்படியே இருந்தான். கழற்றிப் போட்ட உடைபோல. கை தொங்கி. தலை சரிந்து.

எங்கோ மிக ஆழத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. வீட்டுக்கு அடியில். தெருவுக்கு அடியில்.

தண்ணீர் திரும்பியது.

முதலில் கண்கள்தான் நிறைந்தன. உடம்பு காலியாகவே கிடந்தது. கன்னம் தொங்கியது. அந்தத் தொங்கிய தோலுக்கு நடுவே இரண்டு இமைகள் மட்டும் மெல்ல உப்பி, மெல்லத் திறந்தன. உருண்டையாக. தெளிவாக. கண்ணாடிக் குண்டுபோல.

அசைய முடியவில்லை அவளால்.

இடது கண்ணின் வெள்ளைக்குள் ஏதோ மின்னியது. நகத்தளவு மீன்குஞ்சு. வெள்ளி நிறம். கருவிழிக்குப் பின்னால் நீந்தி, மூக்குப் பக்கம் போய் மறைந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வலது கண்ணில் வந்தது.

அங்கே நின்றது. திரும்பியது.

அன்னாவைப் பார்த்தது.