முப்பத்தோராம் படிவம்

நீர்வேலியிலை பஸ்ஸாலை இறங்கி, வாழைத்தோட்டத்துக்கு நடுவாலை போற ஒழுங்கையிலை கடைசி வீடு அது. மணி பன்னிரண்டாகப் போகுது. படலை கம்பியாலை சுத்திக் கட்டிக் கிடந்தது. "ஆரும் இருக்கிறியளோ?" எண்டு ரெண்டு மூண்டு தரம் கத்திப் பாத்தன். வாழையிலை உரசின சத்தம்தான் வந்தது.

உண்மையைச் சொல்லிப்போட்டே தொடங்கிறன். அந்த வீட்டிலை ஆக்கள் இல்லாதது எனக்கு அண்டைக்குச் சந்தோசம்.

என்ரை பேர் ஷெரோன், ஊர் குருநகர். இரசாயனவியல் படிச்சுப்போட்டு, "நீரும் சமூகமும்" எண்ட பல்துறை முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தனான். ஆய்வுகூடத்திலை குந்தியிருந்து தண்ணியைப் பரிசோதிச்சால் பட்டம் வந்திடும் எண்டு நினைச்சன். எங்கடை ஆய்வுக்குப் பொறுப்பான குகதாசன் சேர் முதல் நாளே அந்த ஆசையிலை மண் அள்ளிப் போட்டார். ரெண்டு பேருக்கு ஒரு ஆய்வு. ஒராள் விஞ்ஞானம், மற்றாள் கலை. அதுவும் வேலையை மாத்திச் செய்யவேணுமாம். "விஞ்ஞானப் பிள்ளை வீடு வீடாப் போய்ச் சனத்தோடை கதைக்கட்டும், கலைப் பிள்ளை கிணறு அளக்கட்டும். அப்பதான் அது பல்துறை" எண்டார். சொல்லுறது அவருக்கு லேசு. வெய்யிலிலை காயிறது நாங்களெல்லோ!

என்னோடை சேர்த்துவிட்டது தர்சிகாவை. சண்டிலிப்பாய்ப் பிள்ளை, சமூகவியல் படிச்சவள், அதிகம் கதைக்கமாட்டாள். வீட்டிலை அம்மாவும் அவளும் மட்டும்தான். அந்த அம்மா மகளுக்குச் சாப்பாடு கட்டேக்கை எனக்கும் சேத்து ஒரு பார்சல் கட்டிவிடுவா. வாங்கித் திண்டுகொண்டுதான் நான் இந்த வேலையைச் செய்தனான்.

நாப்பது வீடு, நாப்பது படிவம். முப்பது வீட்டுக் கதையைக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. முப்பத்தோராவது வீடு பூட்டிக் கிடக்கு. திரும்பி இன்னொரு நாள் வரவேணும். ஆர் வாறது? எதிரிலை நிண்ட பூவரசுக்குக் கீழை இருந்து நானே நிரப்பினன்.

பேர் வேணும். சந்தியிலை பாத்த கடைப் பலகை ஞாபகம் வந்துது: பாலேஸ்வரி. வயசு அறுபத்தொண்டு. விதவை. தனிய இருக்கிறா. கடைசிக் கேள்வி, "இந்தக் கிணற்றைப் பற்றி உங்கள் நினைவில் நிற்பது என்ன?" அதுக்குக் கொஞ்சம் உப்புப் புளி போட்டு எழுதினன். "என்ரை மகள் இந்தக் கிணத்துக்கைதான் போனவள். மத்தியானத்திலை நான் தண்ணி அள்ளுறேல்லை. அவள் கீழை இருந்து வாளியைப் பிடிப்பாள்."

எழுதி முடிச்சு, பஸ் பிடிச்சு, வீட்டை போய்ச் சாப்பிட்டுப் படுத்தன். நல்ல நித்திரை.

அடுத்த கிழமை தர்சிகா கிணறு அளந்த கணக்கைக் கொண்டுவந்து தந்தாள். முப்பத்தோராம் வீட்டுக்கும் அளவு இருந்துது. தண்ணி மட்டம் பதினாலு அடி.

எனக்குள்ளை சிரிப்பு வந்துது. இவளும் பூவரசடிக்காரிதான் போலை. சும்மா ஒரு கொக்கி போட்டுப் பாத்தன்.

"படலை கட்டிக் கிடந்திருக்குமே, என்னெண்டு உள்ளை போனனி?"

"அந்த அம்மாதான் திறந்துவிட்டவ."

"எந்த அம்மா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். "பாலேஸ்வரி அம்மா. நீதானே அவவோடை கதைச்சனி?"

நான் அவள் தந்த கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தன்.

"உன்னை விசாரிச்சவ," எண்டு அவள் மெல்லமாச் சொன்னாள். "அந்தப் பிள்ளை உள்ளை வராமலே போட்டுது எண்டு கவலைப்பட்டவ."

எனக்கு உடனை பேய் பிசாசு எண்டெல்லாம் ஓடேல்லை. ஓடினது வேறை. இவள் என்னைப் பிடிச்சுப்போட்டாள். படிவத்தை வாசிச்சு, அந்த வீட்டை போய்ப் பாத்து, பொய் எண்டு கண்டுபிடிச்சு, இப்ப என்னை வைச்சுப் பகிடி விடுறாள். ஒராள் கள்ளம் செய்தால் ரெண்டு பேரின்ரை பட்டமும் போகும் எண்டு முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கினவங்கள். அப்ப இவள் ஏன் நேரை கேக்கிறாளில்லை? என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்? அண்டையிலை இருந்து அவள் தந்த சாப்பாட்டைக்கூடச் சந்தேகத்தோடைதான் பிரிச்சன்.

இதுக்குள்ளை குகதாசன் சேருக்கு முப்பத்தோராம் படிவத்திலை காதல் வந்திட்டுது. வகுப்பிலை எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சுக் காட்டினார். "இதுதான் உங்கடை ஆய்வின்ரை உயிர். இந்த மனுசியின்ரை குரலை ஒலிப்பதிவு செய்துகொண்டு வாங்கோ. அது இல்லாமல் நான் ஆய்வை ஏற்கமாட்டன்."

நான் தர்சிகாவைப் பாத்தன். அவள் குனிஞ்சு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

போகத்தான் வேண்டியிருந்துது. போற வழியெல்லாம், இண்டைக்கு இவள் என்ரை முகமூடியைக் கழட்டப்போறாள் எண்டுதான் நினைச்சுக்கொண்டு போனன். பஸ் சுணங்கி, ஒழுங்கையிலை நாங்கள் நடக்கேக்கை உச்சி வெய்யில். காத்து இல்லை. ஒரு வாழையிலைகூட ஆடேல்லை.

படலை திறந்து கிடந்தது.

"நீ போய்க் கதை. நான் கிணத்தை இன்னொருக்கா அளக்கிறன்," எண்டு சொல்லிப்போட்டுத் தர்சிகா வீட்டுக்குப் பின்பக்கம் போனாள்.

விறாந்தையிலை ஏறினன். உள்ளுக்கை இருந்து பாசி மணம் வந்துது, நாள்பட்ட கிணத்தை இறைக்கேக்கை வருமே, அந்த மணம். வெளியிலை அந்த வெய்யில், உள்ளை நிலம் காலிலை சில்லெண்டு ஒட்டிச்சுது.

கதிரையிலை ஒரு மனுசி இருந்தா.

தலை நனைஞ்சு கிடந்தது. சீலை நுனியாலை தண்ணி சொட்டிக்கொண்டிருந்துது. முகம் எப்பிடி எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாத்தனான், வடிவாப் பாத்தனான். ஆனால் ஒண்டும் மனசிலை நிக்கேல்லை. நான் நிரப்பின படிவத்திலை முகத்துக்கு ஒரு பெட்டியும் இருக்கேல்லைத்தானே.

"இரு பிள்ளை," எண்டா. "என்ரை பேர் பாலேஸ்வரி. வயசு அறுபத்தொண்டு. மனுசன் இல்லை. தனிய இருக்கிறன்."

நான் எழுதின அதே ஒழுங்கு. அதே சொல்லு. தர்சிகா ஆரோ ஒரு மனுசியைப் பிடிச்சுப் பாடமாக்க வைச்சுக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறாள் எண்டு அப்பவும் நான் நம்பப் பாத்தன். "அம்மா, உங்களுக்கு ஆர் இதைச் சொல்லித் தந்தது?" எண்டு கேட்டன்.

"நீதான்."

நான் இருந்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளினன்.

"மகள் கிணத்துக்கை போனவள் எண்டு எழுதினாய்," எண்டா அவ. கோவமில்லாத குரல். "பேர் எழுதேல்லையே பிள்ளை."

"என்ன?"

"என்ரை பிள்ளைக்கு ஒரு பேர் எழுதேல்லை. பேரில்லாத பிள்ளையை நான் என்னெண்டு கூப்பிடுறது? நீ எழுதிப்போட்டுப் போன நாளிலையிருந்து கிணத்தடியிலைதான் நிக்கிறன். கூப்பிடப் பேரில்லை."

நான் எழும்பப் பாத்தன். கால் எழும்பேல்லை.

"சொல்லன், பிள்ளை. அவளின்ரை பேர் என்ன?"

எனக்கு அந்த இடத்தாலை போனால் காணும். அவ்வளவுதான். வாயிலை முதல் வந்தது என்ரை பேர். சத்தியமா என்ரை பேர்தான் வந்துது. நுனிநாக்கிலை வந்ததை விழுங்கிப்போட்டன்.

"தர்சிகா," எண்டன்.

அந்த மனுசி சிரிச்சா எண்டு நினைக்கிறன். எழும்பிப் பின்வாசலுக்குப் போனா. நடந்த இடமெல்லாம் ஈரம்.

"தர்சிகா…"

ஒரே ஒருக்காத்தான் கூப்பிட்டா. பெத்த தாய் சாப்பிடக் கூப்பிடுற மாதிரி.

"ஓமம்மா, வாறன்!"

என்ரை மாதாவே! அந்தச் சத்தத்தைக் கேட்டாப்பிறகுதான் எனக்குக் கால் வந்துது. ஓடினன். தர்சிகா கிணத்துக்கட்டிலை ஏறி நிண்டாள். ஒரு காலைக் கிணத்துக்கு மேலை தூக்கிப்போட்டாள். அவளின்ரை சட்டையைப் பிடிச்சு இழுத்து, ரெண்டு பேரும் மண்ணிலை விழுந்து, என்ரை முழங்கை தோல் உரிஞ்சு போச்சு. அவளுக்கு ஒண்டுமில்லை.

"ஏனடி இழுத்தனி?" எண்டு கேட்டாள். "அம்மா கூப்பிட்டவ."

வீட்டைத் திரும்பிப் பாத்தன். பின்வாசல் கதவிலை பூட்டுத் தொங்கிச்சுது. திறந்து கன வருசமாகியிருக்கும், முழுக்கக் கறள்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வகுப்பிலை இருந்தாலென்ன, நூலகத்திலை இருந்தாலென்ன, தர்சிகா தலையை நிமித்துவாள். "ஓமம்மா, வாறன்" எண்டு சொல்லுவாள். பிறகு குனிஞ்சு படிப்பாள். மற்றவை சிரிச்சினம். எத்தினை நாள் இவளை நான் கள்ளி எண்டு நினைச்சன்! அவள் பாவம், ஒரு அம்மா படலை திறந்துவிட்டா எண்டு கண்டதைத்தான் சொன்னவள்.

மூண்டு கிழமை தாங்கினன். பிறகு குகதாசன் சேரிட்டைப் போய் அழுதழுது எல்லாத்தையும் சொன்னன். பொய்யை எடுத்துவிட்டால், அந்தப் பொய்க்குள்ளை இருக்கிறவளும் போயிடுவாள் எண்டு நம்பினன். அவர் பேய்க்கதையைக் காதிலை எடுக்கேல்லை, கள்ளத்தை எடுத்தார். பேசாத பேச்சில்லை. படிவத்தை எடுத்துக் குறுக்காலை ரெண்டு சிவப்புக் கோடு கீறினார். என்னைப் படிப்பாலை நிப்பாட்டியாச்சு. "தர்சிகாவுக்குத் தெரியாது சேர், அவளை விடுங்கோ" எண்டு காலிலை விழாத குறையாக் கெஞ்சினன். அவள் தனியச் செய்து முடிக்கலாம் எண்டு விட்டார்.

வெளியிலை நிண்ட தர்சிகாவிட்டைச் சொன்னன். "முப்பத்தொண்டை வெட்டியாச்சு. இனி அந்த மனுசி இல்லை. நீ பயப்பிடாதை."

என்னைப் பேசுவாள், அடிப்பாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.

"அப்ப அம்மா இனி எங்கை இருப்பா?" எண்டு கேட்டாள்.

அது வியாழக்கிழமை. வெள்ளி ஒண்டும் நடக்கேல்லை. சனிக்கிழமை, நேற்று, மத்தியானம் என்ரை போன் அடிச்சுது. சண்டிலிப்பாயிலை இருந்து தர்சிகாவின்ரை அம்மா. குரலே வரேல்லை, குசுகுசுத்தா.

"பிள்ளை ஷெரோன், இஞ்சை ஒரு மனுசி வந்து நிக்கிறா. முழுக்க நனைஞ்சுபோய் நிக்கிறா. மழையும் இல்லை. தன்ரை மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவவாம்."

"அன்ரி, கதவைச் சாத்துங்கோ! தர்சிகாவை விடாதேங்கோ! அவளைப் பிடியுங்கோ!"

"அவள் உள்ளை உடுப்பு அடுக்கிறாள், பிள்ளை," எண்டு அவ அழத் தொடங்கினா. "நான் போய்க் கையைப் பிடிச்சனான். என்னைப் பாத்து, நீங்கள் ஆர் எண்டு கேக்கிறாள்."